நூற்றைம்பது மீட்டர்

அட்டையை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தபோது தோருனின் கையில் வெடிமருந்து வாசம் இன்னும் போகவில்லை. நூறு மீட்டரில் சுட்ட மூன்று ஓட்டைகள், மூன்றும் நடுவட்டத்தில்.

ஈவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்காமலே பார்த்தார். "நடுவுல விழுந்திருக்கு."

"ஆமாப்பா."

"அதான் தப்பு. நாளைக்கு நீ காகிதத்தையா சுடப்போற?"

நாளை மூஸ் மான் வேட்டை தொடங்குகிறது. சதுப்போரத்தில் அவர் நிற்கும் இடத்தில் இந்த முறை அவள் நிற்க வேண்டும். நேற்று ஆணியிலிருந்து எடுக்கும்போது துப்பாக்கி கைதவறி விழுந்து, அதன் மேலிருந்த ஸ்கோப் தொலைநோக்கியில் அவர் ஒத்துவைத்திருந்த குறி கலைந்துவிட்டது. மறைக்கவும் முடியவில்லை. விழுந்த சத்தம் படுக்கைவரை கேட்டிருந்தது.

"எல்லாரும் நூறுக்குத்தானே வைக்கிறாங்க?"

"எல்லாரும் மரத்துக்குள்ள நிக்கிறாங்க. நம்ம இடத்துல அது சதுப்புக்கு அந்தாண்ட வரும். நூத்தம்பது. நீ வச்சிருக்கறதுல குண்டு கொஞ்சம் இறங்கும். உன் கை நடுக்கமும் சேந்தா கால்ல பட்டுரும். அப்புறம் எங்கயாவது கிடந்து இழுத்துக்கிட்டு இருக்கும்."

யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"இப்ப எதுக்கு இதெல்லாம்?" என்றாள் கட்டிலோரத்தில் உட்கார்ந்திருந்த அம்மா சிக்னே. "புள்ள பக்கத்துல இருக்கட்டும்."

"பக்கத்துல இருந்து? என்னைக் கட்டியா வைக்கப்போறா? போகட்டும். எனக்கு வெடிச்சத்தம் கேக்கணும்."

"ஜன்னலைத் திறக்கட்டுமா?"

"குளிருது. எங்கப்பனுக்குத் திறந்த மாதிரி எனக்கும் ஒருநாள் திறப்பேல்ல, அன்னிக்குப் பாத்துக்கலாம்."

சிக்னே சிரிக்கவில்லை. மாமனாரின் மூச்சு நின்றதும், உயிர் வெளியே போகட்டும் என்று வழக்கப்படி ஜன்னலைத் திறந்துவிட்டவள் அவள்தான்.

உருளைக்கிழங்கு வயலின் கோடியில், மண்மேட்டை ஒட்டி அட்டையை நட்டுவிட்டு, நூற்றைம்பது மீட்டர் தள்ளிச் சுடுவதற்காகப் போட்டிருந்த மேசைக்குத் திரும்பி வந்து தோருன் சுட்டாள். தாழ்ந்தது. ஸ்கோப்பின் திருகை மேல்பக்கமாகச் சில சொடுக்கு திருப்பினாள். மறுபடி சுட்டாள். அப்புறம் மூன்று, நிதானமாக. துப்பாக்கியைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு அட்டையை நோக்கி நடந்தாள்.

மூன்றும் நடுவில். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.

அட்டையைப் பிடுங்கி, காட்டுவதற்காகத் தலைக்குமேல் தூக்கியபடி வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

ஜன்னல் திறந்திருந்தது போலிருந்தது. வெயில் கண்ணாடியில் பட்டதாகவும் இருக்கலாம். கண்ணை இடுக்கிப் பார்த்தாள். வெள்ளையாக ஏதோ அசைந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து எதுவும் தெரியவில்லை.

தூக்கிய கையை எப்போது இறக்கினாள் என்று அவளுக்கே தெரியாது. மேசைவரை வந்தாள். ஸ்கோப் அங்கேயே இருந்தது. கண்ணை வைத்தால் ஜன்னல் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். ஆனால் வீட்டைப் பார்த்துத் துப்பாக்கியைத் திருப்பக் கூடாது. காலியாக இருந்தாலும்.

வீட்டுக்குள் போகுமுன் அப்பா செய்வது போல, துப்பாக்கியின் தாழ்ப்பாள் போன்ற போல்ட்டைக் கழற்றிக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அது இன்னும் சூடாக இருந்தது, நடக்கும்போது தொடையில் தெரிந்தது.