பதினொரு பேர் படித்த தாள்

கணவர் வெர்னின் கோட்டுப் பைகளை மார்லிஸ் மூன்றாவது முறையாகத் துழாவிக்கொண்டிருந்தபோது, வாசலில் ஷெரீஃப் ஆபீஸ் போலீஸ் வண்டி வந்து நின்றது. அவர் உடலை எடுத்துப்போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அழுகையைப் பயம் முந்திக்கொண்டுவிட்டது.

அவள் தேடியது ஒரு தாள். பள்ளிப் பேருந்து ஓட்டும் ராய்ஸ், வலிப்பு வரும் மகளுக்காகப் பக்கத்து மாநிலம் போய்க் கஞ்சா எண்ணெய் வாங்கிவந்தான். அவர்கள் இருக்கும் ஐடஹோ மாநிலத்தில் அது குற்றம், அவனும் மறுக்கவில்லை. தீர்ப்புச் சொல்ல ஊரிலிருந்து எடுத்த பன்னிரண்டு பேர் ஜூரியில் பதினொரு பேர் குற்றவாளி என்றார்கள். வெர்ன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை; பன்னிரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னால்தான் தீர்ப்பு.

வழக்கைப் பற்றி வீட்டில் வாயே திறக்கக்கூடாது, வெளியிலிருந்து துண்டுக் காகிதம்கூட உள்ளே வரக்கூடாது என்று நீதிபதி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வெர்னோ முதல் நாளே சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மார்லிஸாவது சும்மா இருந்திருக்கலாம். குற்றம் நிரூபணமானாலும் ஜூரி விடுதலை செய்யலாம், அதற்காக யாரும் அவர்களைத் தண்டிக்க முடியாது என்று எங்கோ படித்ததைக் கைப்பட எழுதிக்கொடுத்தாள். பதினைந்து வருடமாகத் தேவாலய அறிவிப்புப் பலகையில் எழுதுகிறவள். அவள் கையெழுத்து ஊருக்கே தெரியும்.

நேற்று வெர்ன் அதை நீதிமன்றத்துக்கு எடுத்துப்போனார்; திரும்பக் கொண்டுவந்தாரா என்று தெரியவில்லை. இன்று காலை காபி குடிக்கும்போதே சரிந்துவிட்டார்.

வந்தவர் நீதிமன்றக் காவலர் ட்வைட், அதே தேவாலயத்துக்காரர். தொப்பியைக் கழற்றி வருத்தம் சொன்னார். வெர்னின் ஜூரி அடையாள அட்டையைத் திருப்பி வாங்க வேண்டுமாம். வெர்ன் இடத்தில் மாற்று ஆளை உட்காரவைத்து, தீர்ப்பை முதலிலிருந்து பேசி முடிவுசெய்யச் சொல்லிவிட்டாராம் நீதிபதி. ராய்ஸ் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டே மார்லிஸ் அட்டையைக் கொடுத்தாள்.

"விஷயத்தைச் சொல்ல ஜூரி ரூம் கதவைத் தட்டிட்டு உள்ள போனேன்க்கா," என்றார் ட்வைட். "ஒரு தாளை ஆளாளுக்குக் கைமாத்திப் படிச்சிட்டிருந்தாங்க. என்னைப் பாத்ததும் மடிச்சுட்டாங்க."

அவள் கோட்டை மடித்து நாற்காலியில் வைத்தாள். "என்ன தாளாம்?"

"வெர்ன் போனதைச் சொன்னேன். அழுதாங்க. அப்புறம்தான் தாளைப் பத்திக் கேட்டேன். உங்களுக்கு எழுதின ஆறுதல் கடிதம்னு பதினோரு பேரும் ஒரே மாதிரி சொன்னாங்க." தொப்பியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "நான் போய்ச் சொல்றதுக்கு முன்னாடியே எழுதிட்டாங்க போல."



அட்டை வாங்கியதற்கு ஒரு படிவம் நீட்டினார். பெயரும் விலாசமும் எழுத வேண்டும். அவள் பேனாவை வாங்கி இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். முதல் எழுத்தே கோணலாக விழுந்தது.

"இடது கையாக்கா?"

"எப்பவும் இந்தக் கைதான்."

அவள் எழுதி முடிக்கும்வரை ட்வைட் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.