ஒத்திவைக்கப்பட்ட மூன்று வீடுகள்

நகராட்சியின் திட்டக் குழு மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை கூடும். பத்து மணிக்கு என்று அழைப்பில் இருக்கும். ஆள் சேர்ந்து, ஒலிபெருக்கி கரகரத்து அடங்கி, முதல் பொருளை எடுப்பதற்குள் பதினொன்றைத் தாண்டிவிடும். ஏழாவது பொருளுக்கு வரும்போது எல்லோர் வயிற்றிலும் பசி. ஒன்பது உறுப்பினர்களில் பாதிப் பேர் மேஜைக்குக் கீழே கைபேசியைத் தள்ளிக்கொண்டிருப்பார்கள்.

அன்று ஏழாவது பொருள் ஒரு பேருந்து ஓட்டுநரின் விண்ணப்பம். அப்பா விட்டுப்போன மனையில் மூன்று சின்ன வீடுகள் கட்ட அனுமதி கேட்டிருந்தார். மாடி கிடையாது, தரைத்தளம் மட்டும். ஒன்றில் அவரும் மனைவியும், பக்கத்தில் மனைவியின் தங்கை குடும்பம், மூன்றாவது வாடகைக்கு.

"அளவெல்லாம் சரியா இருக்குங்க," என்றார் திட்டப் பொறியாளர். "சுத்தி விடவேண்டிய இடம் விட்டிருக்காங்க. வண்டி நிறுத்த மூணு இடம் காட்டியிருக்காங்க. எங்க பக்கம் ஆட்சேபணை இல்ல. தெருக்காரங்க பதினாலு பேர் மட்டும் கையெழுத்துப் போட்டு ஒரு மனு குடுத்திருக்காங்க."

மனு எழுதியவர் பார்வையாளர் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவிளக்கு எரியாவிட்டால் ஒரு மனு கொடுப்பார். எரிந்தால் கண் கூசுகிறது என்று இன்னொன்று கொடுப்பார். ஊரில் அவருக்கு மனு சார் என்றுதான் பெயர். மூன்று வீடு வந்தால் தெருவில் நெரிசல், சாக்கடை தாங்காது, அமைதி கெடும் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தார். கையெழுத்துப் போட்ட பதினாலு பேரில் முழுதாகப் படித்தவர் அவர் ஒருவர்தான்.

குழுத் தலைவர் மருந்துக்கடை அக்காவைப் பார்த்தார். அந்த வார்டு உறுப்பினர் அவர்தான். வார்டு உறுப்பினர் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டுவது அந்தக் குழுவின் வழக்கம்.

அக்கா கை சுத்தமானவர். யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை. காலை ஆறரைக்குக் கடையைத் திறந்து, நின்றே வியாபாரம் பார்த்து, கணுக்கால் வீங்கிப்போய்க் கூட்டத்துக்கு வந்திருந்தார். கட்டலாம் என்று சொன்னால் பதினாலு வீடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எல்லாம் அவர் கடைக்கு வருகிறவர்கள், அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள். கூடாது என்று சொல்லவோ ஒரு காரணமும் இல்லை.

"எதுக்கும் இடத்தை ஒருதரம் நேர்ல பாத்துட்டு, அடுத்த கூட்டத்துல முடிவு பண்ணிக்கலாமே," என்றார்.

எழுத்தர் ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்று குறித்துக்கொண்டார். அறையில் எல்லோருக்கும் மூச்சு லேசானது.

வெளியே நடைக்கூடத்து பெஞ்சில் ஓட்டுநர் சீருடையோடு காத்திருந்தார். பகல் ஷிப்டுக்குப் போக வேண்டும். "அக்கா, எதாவது குறை இருந்தா சொல்லுங்க, மாத்திக் குடுத்துடறேன்."

"குறையெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. ஒரு மாசம்தானே, பொறுத்துக்கோங்க."

அடுத்த மாதம் ஜீப்பில் ஆறு பேர் போய் வெயிலில் பத்து நிமிடம் நின்று காலி மனையைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அதற்கடுத்த மாதம் போக்குவரத்துப் பிரிவின் கருத்தைக் கேட்கலாம் என்றார்கள். அப்புறம் ஒரு கூட்டத்தில் ஆள் சேரவில்லை. ஆறாவது மாதம் போக்குவரத்து அறிக்கை வந்தது. நாளைக்கு நாலு வண்டி கூடுதலாக வரலாம், பாதிப்பில்லை என்றது.

"அந்த நாலு வண்டி எந்த நேரத்துல வரும்னு அறிக்கையில இல்லயே," என்று எழுந்தார் மனு சார்.

அதற்காக ஒருமுறை ஒத்திவைத்தார்கள்.

ஓட்டுநர் வரைபடத்தை மூன்று முறை மாற்றினார். கூரையைத் தாழ்த்தினார். பக்கத்து வீட்டைப் பார்த்திருந்த ஜன்னலை எடுத்தார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். முதலில் எழுந்து நின்று வணக்கம் சொன்னவர், பிறகு உட்கார்ந்தபடியே தலையை அசைத்தார். பத்தாவது மாதத்துக்கு மேல் அதுவும் இல்லை. பொறியாளரும் "அளவெல்லாம் சரியா இருக்குங்க" என்பதைக் காகிதத்தைப் பார்க்காமலே சொல்லப் பழகிவிட்டார்.

பதினாலாவது மாதம் ஒரு காலையில் ஓட்டுநர் மருந்துக்கடைக்கு வந்தார். சீருடை இல்லை. சீட்டை நீட்டி, "மூணு மாசத்துக்குச் சேத்துக் குடுத்துடுங்க. போற இடத்துல இந்த மருந்து கிடைக்குதோ என்னவோ," என்றார்.

"எங்க போறீங்க?"

"என் வீட்டுக்காரியோட அண்ணன் ஊருக்கு. அங்க கீழ்வீடு ஒண்ணு இருக்கு. டிப்போ மாத்தல் வாங்கிட்டேன். மனையை வித்தாச்சு."

கடைக்கு முன்னால் சாமான் ஏற்றிய வேன் நின்றது. முன் இருக்கையில், இடுப்பைச் சுற்றிப் பட்டை கட்டி, ஓட்டுநரின் மனைவி உட்கார்ந்திருந்தார். பின்னால் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே சக்கர நாற்காலி மடங்கிக் கிடந்தது. அக்கா மருந்துப் பையை எடுத்துக்கொண்டு தானே இறங்கிப் போனார்.

"நீங்கதான் மருந்துக்கடை அக்காவா? நேர்ல இன்னிக்குத்தான் பாக்கறேன். ஆனா மாசத்துல முதல் செவ்வாய் எங்க வீட்ல உங்க பேச்சுதான்," என்று சிரித்தார் அந்தப் பெண். "மூணாவது மாடிங்க நாங்க இருந்தது. இந்த ஒண்ணேகால் வருஷத்துல கீழ இறங்கினது ஒம்பது தரம். ஒம்பதும் ஆஸ்பத்திரிக்கு. இவரு ஒரு பக்கம், தங்கச்சி புருஷன் ஒரு பக்கம், நாற்காலியோட தூக்கிட்டு வருவாங்க. இன்னிக்குப் பத்தாவது தரம். ஒரு மாறுதலுக்கு ஊரை விட்டே போறேன்."

"எனக்குத் தெரியாதும்மா," என்றார் அக்கா.

"வரைபடத்துல இருந்துச்சே. வாசல் நாலு அடி அகலம், படி இல்லாம சரிவு. அதை வரையச் சொல்லி நான்தான் அடம்பிடிச்சேன்."

பதினாலு மாதமாக அந்தக் காகிதம் அக்காவின் முன்னால் இருந்தது. அவர் அதைத் திருப்பிப் பார்த்தது இல்லை.

"தங்கச்சி?"

"அவ இங்கதான். பிள்ளைங்க படிப்பு இருக்கே. இத்தனை நாளா என்னைக் குளிப்பாட்டி விட்டது அவதான்." சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. அவர் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஓட்டுநர் வண்டியில் ஏறும் முன் திரும்பினார். குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. "முதல் கூட்டத்துலயே முடியாதுன்னு சொல்லியிருந்தா, அன்னிக்கே வேற வழி பாத்திருப்பேன்க்கா. அப்ப இருந்த வாடகைக்கு இந்த ஊர்லயே ஒரு கீழ்வீடு கிடைச்சிருக்கும். தங்கச்சியும் கூட இருந்திருப்பா. அடுத்த மாசம், அடுத்த மாசம்னு சொல்லி, என்னை எங்கயும் போக விடாமப் பண்ணிட்டீங்க."

வேன் போன பிறகும் அக்கா நடைபாதையிலேயே நின்றார். உள்ளே இருமல் மருந்துக்கு ஒருவர் காத்திருந்தார்.

அடுத்த கூட்டத்தில் ஏழாவது பொருளைத் தலைவர் ஒரே வரியில் முடித்தார். "விண்ணப்பதாரர் வாபஸ் வாங்கிட்டார். பிரச்சனை தானா தீர்ந்துடுச்சு."

மனு சார் முன்வரிசைக்கு வந்து குனிந்து, "வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லாமலே காரியத்தை முடிச்சுட்டீங்க. சாமர்த்தியம்தான் போங்க!" என்றார். அக்காவுக்கு உடம்பு கூசியது.

எட்டாவது பொருள், அதே வார்டில் இரண்டு வீடுகள். மருத்துவமனையில் வேலை பார்க்கும் செவிலியர்கள் இருவர், உடன்பிறந்த சகோதரிகள், கேட்டிருந்தார்கள். அளவெல்லாம் சரி என்றார் பொறியாளர். பதினொரு கையெழுத்தோடு மனு சாரின் மனுவும் இருந்தது. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "ஒத்தி வெச்சுடலாமா?" என்றார்.

"வேண்டாம்," என்றார் அக்கா. "வரைபடத்தைக் குடுங்க."

அவர் வாங்கி, விரித்து, ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். கைபேசிகள் மேஜைமேல் வந்தன. மனுவையும் இரண்டு பக்கமும் படித்தார். சாக்கடைக் குழாயைப் பற்றி மட்டும் பொறியாளரிடம் ஒரு கேள்வி கேட்டார். பதில் திருப்தியாக இருந்தது. பிறகு கையை உயர்த்தினார். அவரைப் பார்த்து இருவர், அப்புறம் இன்னொருவர், கடைசியில் தயங்கித் தயங்கித் தலைவர். ஐந்துக்கு நாலு. அனுமதி கிடைத்தது.

மனு சார் எழுந்துவிட்டார். "என்னங்க இது? நீங்க எங்க பக்கம்னு நெனச்சோம். அடுத்த தேர்தல்ல ஓட்டுக் கேட்டு எங்க தெருவுக்கு வரணும், ஞாபகம் இருக்கட்டும்!"

"வர்றேன் சார். அப்ப திட்டுங்க, வாசல்ல நின்னு கேட்டுக்கறேன்," என்றார் அக்கா. பிறகு தலைவரைப் பார்த்து, அறை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்:

"நம்மகிட்ட வர்றவங்களுக்கு ஆகும்னா ஆகும்னு சொல்லணும். ஆகாதுன்னா காரணத்தோட ஆகாதுன்னு சொல்லணும். யாரையும் பகைச்சுக்க வேண்டாம்னு நாம தள்ளி வெக்கற ஒவ்வொரு மாசமும், அவங்க ஆயுசுலதான் கழியுது."