ஜீப்பும் பஸ்தான்

கடைவீதி இனி நடப்பவர்களுக்கும் பேருந்துகளுக்கும் மட்டும் என்று பலகை வைத்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஊட்டி சீசனில் கார்களுக்கு நடுவே உடம்பை ஒடுக்கி நடந்து அலுத்தவள் நான். என்னோடு படிக்கும் கோகிலவாணியை நினைக்கவேயில்லை.

அவள் குடியிருக்கும் தேயிலை எஸ்டேட்டுக்குப் பேருந்து கிடையாது. நௌமான் அண்ணனின் ஜீப்தான் அங்கே எல்லோருக்கும் பஸ். அது கடைவீதியிலிருக்கும் எங்கள் மாலை வகுப்பின் வாசலிலிருந்து கிளம்புவதால்தான் அவள் அப்பா கணினி படிக்க அனுப்பினார். மற்ற ஜீப்புகள் நிற்கும் கீழ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் விளக்கில்லை, காட்டெருமை நிற்கும். "வாசல்ல ஜீப்பு நிக்கலேன்னா படிப்ப நிறுத்திக்க" என்று சொல்லிவிட்டாராம்.

நேற்று வகுப்பு முடிந்து வந்தோம். தெருமுனைத் தடுப்பருகே நின்ற ஜீப்பைக் காவலர் விரட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க சார், இவங்களுக்கு இதுதானுங்க பஸ்சு" என்றார் நௌமான் அண்ணன்.

"பலகையில ஜீப்புன்னு போட்டிருக்கா? கீழ போய்யா."

அப்போது ஒரு பெரிய ஹோட்டலின் வேன் வந்தது. காவலர் தடுப்பை நகர்த்திச் சல்யூட்டும் வைத்தார்.

எனக்கு முகம் சுட்டது. "அது பஸ்ஸா சார்?" என்று கேட்டது நான்தானா என்று இப்போதும் சந்தேகமாக இருக்கிறது.

"கெஸ்ட்டும்மா. உனக்கென்ன?"

ஜீப்பிலிருந்து ஜானகியம்மாள் இறங்கினார். அந்த எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். "எல்லாரும் எறங்குங்க புள்ளைகளா. நடக்குறவங்களுக்குத்தானே ரோடு? நெரை புடிங்க."

தேயிலைக் காட்டில் ஆளுக்கொரு வரிசையாகப் பிரிந்து, யாரும் முந்தாமல் பறித்துக்கொண்டே போவதுதான் நெரை. அப்படியே தெருவை அடைத்து, வேனுக்கு முன்னால் மெதுவாக நடந்தார்கள்.

"வா நிதா" என்று கோகிலவாணி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

வேன் ஹாரன் அடித்தது.

"கத்தாத தம்பி, கொழுந்து உதுந்துரும்" என்றார் ஜானகியம்மாள். கடைக்காரர்கள் சிரித்தார்கள். பின்னால் அரசுப் பேருந்தும் வந்து மாட்டிக்கொண்டது. காவலர் ஓடிவந்தார்.

"பஸ்சுக்கு வழி விடுறோம் சார். வேன வெளிய எடுங்க" என்றார் ஜானகியம்மாள்.

வேறு வழியில்லாமல் எடுத்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

இன்று வேன் உள்ளே வரவில்லை. ஜீப்பையும் விடவில்லை. கோகிலவாணி வகுப்புக்கு வரவில்லை.

"இப்ப திருப்தியா? வேனையும் விடலையே" என்றார் காவலர்.

"வேன நிறுத்தறதுக்கு நாங்க நடக்கலீங்க சார். ஜீப்பு உள்ள வரணும்னு நடந்தோம்" என்றேன்.

ஜீப்பை உள்ளே விடும்வரை நகர்வதில்லை என்று தடுப்பருகிலேயே நின்றேன்.