செண்பகவல்லியின் நிழல் மனு

கறுப்பு வெள்ளைக் கொலைப் படங்களில் வாரா வாரம் சாகும் கிளாரா, தை மாதத்திலிருந்து செண்பகவல்லி வீட்டு மாடியில்தான் குடியிருந்தாள். தண்ணீர் பிடிக்க முறை தவறாமல் வந்தாள். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, நிழலைத் தவிர.

அந்தப் படங்களில் வருவதுபோலவே ஜன்னல் பட்டைகளின் நிழல் அவள் முகத்தில் எந்நேரமும் வரிவரியாக விழுந்தது. பட்டப்பகலில், குழாயடியில்கூட. செண்பகவல்லியின் மேல் விழுந்ததெல்லாம் டியூப்லைட் வெளிச்சம். மூக்குத்திவரை எல்லாம் தெரிந்தது. அதனால் யாரும் பார்க்கவில்லை.

அவள் கணவர் ஆவுடையப்பன் பீடிகூடக் குடிக்காதவர். கிளாரா சிகரெட் பிடிப்பாள். இப்போது அவர் சட்டைப் பையில் தீப்பெட்டி வைத்திருந்தார்.

“எதுக்கு இது?”

“யாராவது கேட்டா குடுக்கணும்லா.”

அடுப்புக்குச் செண்பகவல்லி கேட்டபோது இல்லை என்றார்.

செவ்வாய்க்கிழமை அவள் நிழல் வழங்கும் அலுவலகத்துக்குப் போனாள். தனக்கும் நிழல் கேட்டு மனுவை மூன்று பிரதி எழுதியிருந்தாள். எழுத்தர் பேரேட்டைப் புரட்டினார்.

“நீங்க நல்ல பொம்பளைப் பிரிவும்மா. காத்திருக்கணும். வசனம் ஒண்ணுதான். ‘சாப்பிட வாங்க.’”

“பதினெட்டு வருசமாச் சொல்லுதேன். தலையைத் தூக்கிப் பாக்கல.”

“பாக்க மாட்டாங்க. அதுக்குக் கெட்ட பொம்பளைப் பிரிவு இருக்கு. ஆனா வியாழக்கிழமை கடைசி ஆட்டத்துல சுட்டுருவாங்க. வெள்ளிக்கிழமை படம் மாத்தணும்லா.”

“யாரு சுடுவா?”

“உங்க வீட்டுக்காரருதான். வேற யாரு அவ்வளவு உத்துப் பாப்பா?”

பின்னால் கிளாரா வரிசையில் நின்றாள். அவள் கையிலும் ஒரு மனு. நல்ல பெண் பிரிவுக்கு மாற்றம் கேட்டிருந்தாள்.

“உங்க மேல பொறாமையா இருக்குக்கா,” என்றாள். “செத்துச் செத்து அலுத்துப்போச்சு. ஒரு வெள்ளிக்கிழமையாவது எந்திரிச்சு இட்லி ஊத்தணும். நல்ல பொம்பளை ஒருத்தி சாட்சிக் கையெழுத்து போடணுமாம். போடுங்களேன்.”

செண்பகவல்லியைப் பார்த்து இதுவரை யாரும் பொறாமைப்பட்டதில்லை. அந்தப் பொறாமையை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

“பேனாவுல மை இல்லியே,” என்றாள்.

மை இருந்தது. காலையில்தான் நிரப்பியிருந்தாள்.

அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. இருந்தும் செண்பகவல்லியின் நெற்றியில் ஒரு பட்டை நிழல் விழுந்தது. பிறகு கன்னத்தில் ஒன்று. எழுத்தர் முத்திரையைக் கையில் வைத்தபடி அவளையே பார்த்தார்.

“இன்னிக்குச் செவ்வாய்,” என்றார் கடைசியில். “ரெண்டு நாள்தாம்மா இருக்கு.”

“ரெண்டு நாளும் அவரு பாப்பாரா?”

“கண்ணெடுக்க மாட்டாரு.”

“அப்ப முத்திரையைப் போடுங்க,” என்றாள் செண்பகவல்லி.