பீரோவில் பூட்டிய சான்றிதழ்கள்

மூன்று வருடத்தில் ஐந்து உதவியாளர்கள். ஐந்து பேருக்கும் நான்தான் வேலை கற்றுக்கொடுத்தேன். பிரஷர் பார்ப்பது, சர்க்கரை பார்ப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, ஊசியைப் பார்த்து அலறும் குழந்தையோடு அதன் அம்மாவையும் சேர்த்துச் சமாளிப்பது, எல்லாம். கை பழகிவிட்டது, இனி இவளை நம்பி ஒரு நாள் லீவு போடலாம் என்று நான் நினைக்கிற வாரம் பார்த்து, சொல்லிவைத்தாற்போல் கடிதம் வரும். ‘சொந்தக் காரணங்களுக்காக.’ ஒருத்தி அதுகூட எழுதவில்லை. தீபாவளிக்கு மலையிலிருந்து கீழே இறங்கினவள், கைகூப்புகிற பொம்மை ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அத்தோடு சரி.

மலை மேல் பைல் நாடு என்ற பகுதியில் ஒரு டிரஸ்ட் நடத்தும் சின்னக் கிளினிக் எங்களுடையது. டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் நாமக்கல்லிலிருந்து வருவார். மற்ற நாளெல்லாம் நர்ஸ் கோகிலவாணியாகிய நானும், இருந்தால் ஓர் உதவியாளரும். இல்லாத மாதங்களில் டோக்கன் கொடுப்பதும் நான், மருந்து கொடுப்பதும் நான், சாயங்காலம் தரை துடைப்பதும் நான். சேலத்தில் இருக்கும் டிரஸ்ட் ஆபீசுக்கு போன் செய்தால், “வெளம்பரம் குடுத்திருக்கறமுங்க சிஸ்டர், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்பார்கள். அட்ஜஸ்ட் செய்து செய்து முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். விளம்பரத்தைப் பார்த்து ராசிபுரம், துறையூர்ப் பக்கமிருந்து பெண்கள் வருவார்கள். மலைப்பாதையின் எழுபது வளைவிலும் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து இறங்கி, கீழே போக அடுத்த பஸ் எப்போது என்றுதான் முதலில் கேட்பார்கள்.

அதனால் சுசித்ரா வந்ததும் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறைதான். இதே மலையில் ஆலத்தூர் நாட்டுப் பெண். வீட்டில் மிளகும் மரவள்ளியும் போட்டிருக்கிறார்கள். நாமக்கல்லில் ஒரு வருடம் நர்சிங் அசிஸ்டென்ட் படித்துவிட்டு மலைக்கே திரும்பி வந்திருந்தாள். பத்து வருடமாக என்னிடம் “ஒடம்பு செரியில்லீங்க” என்பதற்கு மேல் வாய் திறக்காத பெரியவர்கள், அவளிடம் மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை என்பது வரை சொன்னார்கள். இவளையாவது விடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

சேர்ந்த அன்றே, சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி அவளுடைய ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். டிரஸ்ட் ஆபீஸ் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. என் சொந்த யோசனை. கீழே எத்தனையோ இடத்தில் இப்படித்தான் செய்கிறார்கள் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். ஒரிஜினல் இல்லாமல் யார் இவளுக்கு வேலை கொடுப்பார்கள், பார்க்கலாம்.

எட்டு மாதம் நிம்மதியாகப் போனது. ஒரு திங்கட்கிழமை காலையில் பஞ்சு வெட்டிக்கொண்டே கேட்டாள்.

“சிஸ்டர், என்ற சர்ட்டிபிகேட்டெல்லாம் ரெண்டு நாளைக்கு வேணுமுங்க. கவர்மெண்ட்ல மருத்துவமனைப் பணியாளர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தனுங்க. வியாழக்கெழம நாமக்கல்லுக்கு வரச்சொல்லி லெட்டர் வந்துருக்குதுங்க.”

நாமக்கல் என்ற சொல்லைத் தவிர அவள் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. ஆறாவது ஆளும் கிளம்பிவிட்டாள் என்பது மட்டும்தான் ஏறியது.

“அது இங்க இல்லியே கண்ணு. அப்பவே சேலம் ஆபீசுக்கு அனுப்பிட்டேன்.”

“கேட்டு வாங்கித் தர முடியுங்களா?”

“கேக்கறேன்.”

கேட்கவில்லை. கேட்க அங்கே என்ன இருக்கிறது? செவ்வாய்க்கிழமை, போன் எடுக்கவில்லை என்றேன். புதன்கிழமை, பொறுப்பானவர் லீவில் இருக்கிறார் என்றேன். வியாழக்கிழமை அவள் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் இறங்கினாள். வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் கிளினிக்கில் இருந்தாள். கண் வீங்கியிருந்தது.

“ஒரிஜினல் இல்லாம பாக்க மாட்டாங்களாமுங்க. திருப்பி அனுப்பிட்டாங்க.”

“விடு கண்ணு, அதுக்கெல்லாம் நேரம் வரோணும்” என்று என் டிபன் பாக்ஸிலிருந்து இரண்டு இட்லி எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவு நல்லவள் நான். அவளும் சாப்பிட்டாள்.

அடுத்த மாதம், தடுப்பூசி நாளன்று, முதுகில் பையோடு ஒரு பையன் வந்து வாசலில் நின்றான். சதீஷ்குமார் என்று பெயர் சொன்னான். ராசிபுரத்துக்காரனாம். முகம் வெளிறிப் போயிருந்தது. வளைவுகளின் கைங்கரியம்.

“சிஸ்டர், இந்தப் பக்கம் ரூம் எதாச்சும் வாடகைக்குக் கெடைக்குங்களா? இங்க மலை மேல கவர்மெண்ட் ஆஸ்பத்திரில சேந்திருக்கறனுங்க. மருத்துவமனைப் பணியாளர்.”

“எப்ப எடுத்தாங்க?”

“போன மாசம் நாமக்கல்ல சர்ட்டிபிகேட் பாத்தாங்களே, அதுலதானுங்க. இந்த மலைக்கு ஒரே ஒரு போஸ்ட்டு. உள்ளூருப் புள்ள ஒன்னுதான் லிஸ்ட்ல மொதல்ல இருந்துச்சாமுங்க. ஒரிஜினல் இல்லாம வந்து நின்னுச்சாம். அடுத்து நான் இருந்தனுங்க, என்ற தலைல கட்டிட்டாங்க. ஒரு வருசத்த எப்படியாச்சும் ஓட்டிட்டு, கீழ மாத்தல் வாங்கிட்டுப் போயிரோணும்.”

உள்ளே குழந்தைகளுக்கு எடை பார்த்துக்கொண்டிருந்த சுசித்ரா நிமிர்ந்தாள். அவனுக்கு ஏதோ ஒரு வீட்டைக் காட்டி அனுப்பிவிட்டு உள்ளே வந்தேன்.

“அது நாந்தானுங்க சிஸ்டர்” என்றாள்.

“நாமக்கல்ல வேலைன்னுதானே சொன்னே?”

“சர்ட்டிபிகேட் பாக்கறதுதானுங்க நாமக்கல்ல. வேலை இங்க மலையிலதானுங்க. ஊட்டுல இருந்து நடந்தே போயிருவேன். உங்களுக்கு வேற ஆள் வர்ற வரைக்கும் சாயங்காலம் வந்து கட்டு மட்டும் போட்டுத் தரலாம்னு நெனச்சிருந்தனுங்க.”

பீரோவைத் திறந்து அவளுடைய பைலை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவள் பிரித்துப் பார்த்தாள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, நர்சிங், சாதிச் சான்றிதழ், எல்லாம் கொடுத்தபடியே இருந்தன.

“சேலத்துக்கு அனுப்பவே இல்லீங்களா?”

“இல்ல.”

“ஏனுங்க சிஸ்டர்?”

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எனக்கு வந்ததோ கோபம். “அஞ்சு பேரு போயிட்டாங்க கண்ணு. ஒவ்வொருத்திக்கும் மொதல்ல இருந்து சொல்லிக் குடுத்து, அவ போனதும் ஒத்தையா நின்னு நான்தான் சாகறேன். நீயும் போயிட்டா நான் என்ன பண்றது?” என்று கத்தினேன். வரிசையில் இருந்த அம்மாக்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் கத்தவில்லை. “அந்த அஞ்சு பேரும் எதுக்குப் போனாங்கன்னு ஒருத்தர்கிட்டயாச்சும் கேட்டீங்களா? என்கிட்டயும் கேக்கலீங்களே. வேலை எந்த ஊர்லன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே.”

நான் கேட்டதில்லை. திட்டியிருக்கிறேன், கெஞ்சியிருக்கிறேன், ஆபீஸில் புகார் சொல்லியிருக்கிறேன். கேட்டதில்லை.

இன்னும் நாலு குழந்தைகள் பாக்கி இருந்தன. நாலுக்கும் எடை பார்த்து அட்டையில் எழுதிவிட்டு, கையைக் கழுவி, பைலை எடுத்துக்கொண்டு போனாள். “வாரேனுங்க” என்று வழக்கம்போல் சொல்லவில்லை. கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். மலையில் இருக்க ஆசைப்பட்டவளை இறக்கிவிட்டு, எப்போது இறங்கலாம் என்று நாள் எண்ணுகிற பையனை ஏற்றி வைத்திருக்கிறேன். ஆபீசுக்கு போன் செய்தேன். விளம்பரம் கொடுக்கிறோம், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க என்றார்கள்.

அவள் போன அடுத்த திங்கட்கிழமை குப்புசாமி வந்தார். சர்க்கரையால் வந்த கால் புண். ஐந்து மாதமாக அவள்தான் கட்டிவந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்தார்.

“அந்தப் புள்ள எங்கீங்க?”

“நின்னுட்டா.”

“அட சாமி. வலிக்காம கட்டுமே. எதுக்குங்க நின்னுச்சு?”

இந்தக் கேள்விக்கு ஐந்து முறை நான் சொன்ன பதில் நாக்கு நுனி வரை வந்தது. இந்தக் காலத்துப் பெண்களுக்கு மலை எங்கே ஒத்துக்கொள்கிறது, பொறுமை ஏது, பொறுப்பு ஏது.

“அவ சர்ட்டிபிகேட்ட நான் பூட்டி வெச்சுட்டேனுங்க. போகக் கூடாதுன்னு. அதுல அவளுக்கு வர வேண்டிய வேலை போயிருச்சு” என்றேன்.

நான் பழைய கட்டை அவிழ்க்கக் குனிந்தேன். அவர் நீட்டியிருந்த காலை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.