நெஞ்சிக்க என்ன இருக்கு

காரியத்தன்று படையல் இலையில் தக்காளித் தொக்கு வைக்கக் கூடாது என்று என் நாத்தனார் சங்கமித்ரா சொன்னாள். வைப்பேன் என்று நான் சொல்லவில்லை, வைக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வாயைத் திறக்கவே அலுப்பாக இருந்தது. முன்பெல்லாம் அவள் ஒன்று சொன்னால் நான் ஒன்பது சொல்வேன். பெங்களூர் தொம்மலூரில் எங்கள் சந்து முழுக்கத் தெரியும் சாந்தகுமாரியின் வாய். இப்போது அந்த வாயும் மரத்துப் போய்விட்டது.

செத்துப்போனவர் என் புருஷன் எத்திராஜ். பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர். வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது, சில்க்போர்டு டிராஃபிக்கில், ஜன்னலில் தலை சாய்த்தவர் சாய்த்தபடியே போய்விட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் தூங்குகிறார் என்று நினைத்தார்களாம். சாவதில்கூட சத்தம் போடாத மனுஷன்.

சாவு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்து "அழுதுடு சாந்தா, உள்ளயே வெச்சிக்காத" என்றார்கள். வந்தால் அழ மாட்டேனா? என்ன, அழுகையைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டா உட்கார்ந்திருக்கிறேன்? வரவில்லை. ஒரு துளி வரவில்லை. அதையும் சங்கமித்ரா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஆகாது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். நான் குடியாத்தத்துக்காரி. எனக்குத் தக்காளித் தொக்கு இல்லாமல் சோறு இறங்காது. நல்லெண்ணெய் மேலே மிதக்க வேண்டும், வெந்தயம் வறுத்துப் பொடித்துப் போட வேண்டும். அவள் ஜோகுபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மாவிடம் கற்றுக்கொண்டு கொப்பரையும் வெல்லமும் போட்டு ஒரு சட்னிப்பொடி இடிப்பாள். பொடியில் வெல்லம்! அதை டப்பா டப்பாவாகக் கொண்டுவந்து "எங்கண்ணனுக்கு இதுதான் உசுரு" என்று என் அடுப்படியிலேயே வைத்துவிட்டுப் போவாள். வீட்டில் தொக்குக் கட்சி, பொடிக் கட்சி என்று இரண்டாகிவிட்டது. என் மகன் கவியரசன் மட்டும் தோசைமேல் சாஸ் பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டு வாய் திறக்காமல் எழுந்து போய்விடுவான். கெட்டிக்காரன்.

அவர் எந்தக் கட்சி? அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

கல்யாணமான புதிதில் ஒரு நாள், தட்டின் முன்னால் உட்கார்ந்து, "நெஞ்சிக்க என்ன இருக்கு?" என்று கேட்டார். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர், பாதிக்குப் பாதி கன்னடம் கலந்துதான் வரும். நம்மூரில் தொட்டுக்க என்கிறோமே, அதைத்தான் கன்னடத்தில் அப்படிச் சொல்வார்கள் என்பது எனக்கு என்ன தெரியும்? நெஞ்சு என்று காதில் விழுந்ததும் பதறிப்போய், எண்ணெயைச் சுடவைத்துக் கற்பூரம் போட்டு, சட்டையைக் கழற்றச் சொல்லி மார்பில் பரபரவென்று தேய்த்துவிட்டேன். மனுஷன் ஒன்றும் சொல்லாமல் தேய்க்கவிட்டு, முடிந்த பிறகு, "இப்ப தொட்டுக்க ஏதாச்சும் குடு" என்றார். அன்றைக்கு நான் வைத்தது தொக்கு. அதற்கப்புறம் நாங்கள் இருவரும் இருக்கும்போது மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லிச் சிரிப்பார். கொஞ்சுவது, பூ வாங்கி வருவது எதுவும் அவருக்குத் தெரியாது. நெஞ்சிக்க என்ன இருக்கு, அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். ஊறுகாய், அப்பளம், தொக்கு எதையும் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்றார். வீட்டில் நான் கறாராகத்தான் இருந்தேன். ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு பேருக்குத்தான். ஆனால் காலையில் டிஃபன் பாக்ஸ் கட்டும்போது பின்னால் வந்து நின்றுகொண்டு, "சாந்தா, நெஞ்சிக்க கொஞ்சம் வைம்மா" என்பார். "டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?" என்பேன். "ஒரு ஸ்பூன்ல உசுரா பூடும்?" என்பார். சின்ன டப்பாவில் வைத்துக் கொடுப்பேன். ஒரு ஸ்பூன் அல்ல, டப்பா நிறைய. சாயந்திரம் டப்பா வழித்துத் துடைத்த மாதிரி வரும்.

நான் சமைக்கும்போது ருசி பார்க்கிறவள் இல்லை. எல்லாம் கைக்கணக்கு. ருசி சொல்வது அவர் வேலை. செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுவேன்.

"உப்பு சரியா இருந்திச்சா?"

"உப்பு சரிதான். வெந்தயம் கொஞ்சம் தூக்கல்."

"கோளாறு உங்க நாக்குல, என் தொக்குல இல்ல."

அவர் சிரித்துக்கொண்டே கால் கழுவப் போவார். ஒரு நாள் புளிப்பு என்பார், ஒரு நாள் பூண்டு வேகவில்லை என்பார், நானும் விடாமல் மல்லுக்கு நிற்பேன். மற்றபடி எங்களுக்குள் பேச்சு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கரன்ட் பில், கவியரசன் கல்யாணம், அவ்வளவுதான்.

தொக்கு விஷயம் சங்கமித்ராவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. பிணத்தைக் கூடத்தில் கிடத்தியிருக்கும்போது, அத்தனை பேர் நடுவில், மார்பில் அடித்துக்கொண்டு கத்தினாள்: "டாக்டர் வேணாம்னாரு, கேட்டாளா? உப்பும் எண்ணெயுமா டப்பா டப்பாவா குடுத்து எங்கண்ணனை முடிச்சிட்டாளே!"

என்ன பேச? டப்பாவைக் கட்டிக் கொடுத்த கை இதுதானே. அன்றிலிருந்து அந்த ஒரு கேள்விதான் எனக்குள் உட்கார்ந்திருக்கிறது. நான்தானா? நான் ஆசையாக வைத்ததுதானா? வேறு எதுவும் உள்ளே நுழைவதில்லை. அழுகையும்தான்.

காரியத்துக்கு முதல் நாள், யாரையும் கேட்காமல் தொக்கு கிண்டினேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. கை தானாகத் தக்காளியை நறுக்கியது. எண்ணெய் தெறித்தது. மணிக்கட்டு சிவந்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சுட்டிருக்கிறது என்று தெரிந்தது. வெந்தயப்பொடி போட்டேனா, இரண்டு முறை போட்டேனா, நினைவில்லை. கவியரசன் எட்டிப் பார்த்து, "ம்மா, அத்தை பாத்தா பேஜார் பண்ணுவாங்க" என்றான். பண்ணட்டும் என்றேன்.

மறுநாள் மத்தியானம் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டாயிற்று. சோறு, சாம்பார், வடை, பாயசம், மட்டன் குழம்பு எல்லாம் வைத்தாயிற்று. சங்கமித்ரா தன் பொடியைக் கொண்டுவந்து இலை ஓரத்தில் குவித்து, நடுவில் குழி பறித்து நெய் ஊற்றினாள். நான் தொக்குக் கிண்ணத்தோடு நின்றேன்.

"வேணாம் அண்ணி. உசுரோட இருக்கறப்ப குடுத்தது போதாதா?"

அந்த நேரத்தில்தான் அய்யாவு உள்ளே வந்தான். ஃபேக்டரியில் அவருக்குக் கீழே வேலை செய்கிறவன், தர்மபுரிப் பக்கம். கேன்டீனிலும் பஸ்ஸிலும் அவருக்குப் பக்கத்து சீட். அவருடைய லாக்கரில் இருந்த ஸ்வெட்டரையும் மாற்று டப்பா ஒன்றையும் பையில் கொண்டுவந்திருந்தான். படத்தைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியவன் என் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தான்.

"அண்ணி தொக்கா இது?" என்றான்.

"அதைத்தான் இலையில வெக்க வேணாங்கறேன். இதைத் தின்னு தின்னுதான் எங்கண்ணன் போனாரு" என்றாள் சங்கமித்ரா.

அய்யாவு அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"யாரு, அண்ணனா? அவரு எங்க தின்னாருக்கா?"

சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவனுக்கே தோன்றியிருக்க வேண்டும். பையைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"சொல்லு தம்பி" என்றேன்.

"டாக்டர் சொன்னதுலருந்து அண்ணன் உப்பு பக்கமே போகல அண்ணி. நெறைய பயந்துட்டாரு. வெறும் மோர்சோறு, வெள்ளரிக்கா, அவ்ளோதான். டப்பாவத் தொறந்து, 'நெஞ்சிக்க குடுத்திருக்கா, எடுத்துக்கங்கடா'ன்னு டேபிள் நடுவுல வெச்சிடுவாரு. நாங்கதான் அடிச்சிக்கிட்டுத் தின்னுவோம். நான் சப்பாத்தியால தொடச்சே எடுத்துடுவேன்."

"தின்னாத மனுசன் எதுக்குக் கேட்டு வாங்கிக்கிட்டுப் போனாரு?"

"நானும் கேட்டேன் அண்ணி. 'தொக்கு வேணாம்னுட்டா அவ எங்கிட்ட வேற எதைப்பத்திடா சண்ட போடுவா? வீடு சைலன்ட்டா பூடும்'னாரு."

சங்கமித்ரா மெதுவாக, "அப்ப என் பொடி? ஃபேக்டரிக்குன்னு தனியாக் குடுப்பேனே?" என்றாள்.

அய்யாவு தரையைப் பார்த்தான். "அதுவும் நாங்கதான்கா. சூப்பரா இருக்கும்."

கவியரசன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் சிரித்தானா அழுதானா தெரியவில்லை.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. "தினம் வந்து உப்பு சரி, புளிப்பு ஜாஸ்தின்னு சொல்வாரே? நாக்குல வெக்காம எப்படிச் சொன்னாரு?"

"பஸ் ஏறினதும் எங்கிட்ட கேப்பாரு அண்ணி. உப்பு எப்படி, காரம் எப்படி, சரியாச் சொல்லுடா, வீட்ல கேப்பாங்கன்னு. நான் சும்மா சூப்பர்னு சொன்னா திட்டுவாரு. ஏதாச்சும் ஒரு கொறை சொல்லுடா, அப்பதான் நம்புவாம்பாரு. அன்னிக்கும் கேட்டாரு. சொன்னேன். அப்புறம்தான் ஜன்னல்ல சாஞ்சாரு."

அன்றைக்கு நானும் வாசலில் கேள்வியோடு நின்றிருந்தேன். பதிலோடு வந்துகொண்டிருந்தவர் வழியிலேயே நின்றுவிட்டார்.

நான் கொல்லவில்லை. இத்தனை நாள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது. சந்தோஷப்பட வேண்டும்தானே? ஆனால் கூடவே இன்னொன்றும் போய்விட்டது. அவருக்கு என் தொக்கு என்றால் உயிர் என்று இரண்டு வருஷமாக மனசுக்குள் ஜம்பமாக இருந்தேனே, அதுவும் இல்லை. ஏமாற்றுக்கார மனுஷா என்று படத்தைப் பார்த்தேன். கோபம்கூட முழுசாக வரவில்லை. உள்ளே எல்லாம் அப்படியே மரத்துக் கிடந்தது.

சங்கமித்ரா என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினாள். நான் விட்டுவிட்டேன். அவளே ஒரு கரண்டி தொக்கை எடுத்துப் படையல் இலையில், தன் பொடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இப்பவாச்சும் சாப்பிடட்டும் அண்ணி. இனிமே எந்த டாக்டர் கேக்கப்போறான்?"

அதற்கு மேல் அவள் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அவள் சங்கமித்ரா இல்லை.

கற்பூரம் காட்டினோம். பிறகு பந்தி போட்டார்கள். அய்யாவு கடைசியில் உட்கார்ந்தான். பாயசம் வேண்டாம், குழம்பு வேண்டாம், தொக்கு மட்டும் கொஞ்சம் என்றான். கரண்டியை எடுத்துப் போய் இரண்டு முறை வைத்தேன். சோற்றில் பிசைந்து முதல் வாய் போட்டான். நான் நகர்ந்திருக்கலாம். கால் நகரவில்லை. வாய் தானாகக் கேட்டது.

"உப்பு சரியா இருக்கா தம்பி?"

அய்யாவு மென்று விழுங்கினான். சூப்பர் என்று சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். அவன் நாக்கால் உதட்டைத் தடவிக் கொஞ்ச நேரம் யோசித்தான்.

"உப்பு சரிதான் அண்ணி. வெந்தயம் கொஞ்சம் தூக்கல்."

கோளாறு உங்க நாக்குல என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். என்னுடைய சத்தம்தான் அது என்று எனக்கே தெரிய நேரமாயிற்று. சந்துக்காரர்கள் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். சங்கமித்ரா ஓடிவந்து என் தலையைத் தன் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "விடுங்க, அழட்டும்" என்று அவர்களிடம் சொன்னாள்.