தூங்காமல் உட்கார்ந்திருப்பது

...இல்லை, கண்ணை மூடவில்லை, கத்தரீனா மிஸ் பலகைப் பக்கம் திரும்பிய நேரத்தில் இமை ஒரு தடவை விழுந்து எழுந்தது, அவ்வளவுதான், அதைத் தூக்கம் என்று யாரும் சொல்ல முடியாது என்று யோகராஜ் தனக்குள் வாதாடிக்கொண்டே பிளாஸ்டிக் கதிரையில் முதுகை நிமிர்த்தினான். நிமிர்த்தியதும் முதுகு அவனைத் திட்டியது, ராத்திரி முழுக்க கண்டி ஹோட்டலின் சலவைக்கூடத்தில் ஈர விரிப்புகளை இழுத்து இழுத்துப் போட்ட முதுகு, யாரோ தூங்கி எழுந்த விரிப்பு, இன்னும் யாரோ தூங்கப்போகும் விரிப்பு, நடுவில் தூங்காமல் நிற்க ஓர் ஆள் வேண்டும் அல்லவா, அந்த ஆள் அவன். காலை ஆறு மணிக்கு வேலை முடிந்து, முகம் கழுவி, பஸ் ஏறி, வத்தேகம வரைக்கும் பக்கத்திலேயே இருக்கை காலியாக இருந்தும் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தான், உட்கார்ந்தால் மடுல்கெல்லையில் இறங்க மாட்டோம் என்று தெரியும். பத்துச் சனிக்கிழமைகள் பெற்றோர் வகுப்பு. இது பத்தாவது. இன்றைக்கு மட்டும் தாண்டிவிட்டால் போதும், தினுஷாவுக்குக் கண்டியில் விடுதியும் பள்ளிக்கூடமும், ஏ.எல். பரீட்சை முடியும் வரைக்கும் இந்த வகுப்பை நடத்துகிறவர்களே பார்த்துக்கொள்வார்கள். தாண்டாவிட்டால்? ஏழாவது சனிக்கிழமை அவன் கதிரையிலேயே சாய்ந்துபோனதற்கு மிஸ் அவனை வெளியே கூப்பிட்டுச் சொன்னாள், “குடிச்சிட்டு வாறதா இருந்தா வராமலே இருங்க. காத்திருக்கிற புள்ளைங்க நெறைய பேர் இருக்காங்க.” “குடிக்கிறதில்ல மிஸ், நைட் வேல” என்றதற்கு, “எல்லாரும் ஒரு காரணம் வச்சிருக்கீங்க” என்று கொப்பியில் சிவப்பு மையில் ஏதோ எழுதினாள். என்ன எழுதியிருப்பாள்? ஒரு சொல்லா, ஒரு வரியா? இன்னொரு சிவப்பு விழுந்தால் தினுஷாவின் இடம் வேறொரு பெண்ணுக்கு.

“அண்ணே,” பக்கத்துக் கதிரையில் இருந்த கறுப்பையா முழங்கையால் இடித்தான், தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷன்காரன், இருபத்திரண்டு பேரில் ஆண்கள் மூன்று பேர்தான், மூன்றாவது ஆள் இன்றைக்கு வரவில்லை. “தூங்குறதுன்னா தூங்குங்க, கொறட்ட மட்டும் விட்றாதீங்க. இத்தன பொம்பளைங்க மத்தியில நான் ஒத்தையா பதில் சொல்லணும்” என்று சட்டைப்பையைத் துழாவி ஒரு பச்சைக் கொச்சிக்காயை எடுத்து அவன் கையில் திணித்தான். “கடிங்க. நம்ம வீட்டுப் பின்னால காய்ச்சது. செத்தவனும் எந்திரிச்சி ஒக்காருவான்.” யோகராஜ் வாயைக் கையால் மறைத்துப் பாதியைக் கடித்தான், நாக்கிலிருந்து காது வரைக்கும் தீ ஏறியது, மூக்கு ஒழுகியது, கண்ணில் தண்ணீர் கொட்டியது, சரியாக அந்த நேரம் பார்த்து மிஸ் திரும்பினாள், திரும்பியவள் பேச்சை நிறுத்தினாள், அவள் முகம் இளகியது, பத்து வாரத்தில் அவன் பார்க்காத முகம். “பாருங்க,” என்றாள் எல்லோரிடமும், “ஒரு அப்பா கண்கலங்குறாரு. இதுக்குத்தான் இந்த வகுப்பு. கைதட்டுங்க.” தட்டினார்கள். கறுப்பையாதான் பலமாகத் தட்டினான், பாவி, குனிந்து சிரித்துக்கொண்டே. முன்னால் பாயில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ‘எங்கள் வீட்டின் ஒருநாள்’ என்று படம் வரைந்துகொண்டிருந்த தினுஷாவும் திரும்பிப் பார்த்தாள், அவள் தட்டவில்லை. அவளுக்குத் தெரியும், அப்பா அழுதால் எப்படி இருக்கும் என்று, இது அது இல்லை.

பலகையில் மிஸ் ஒரு பெரிய வட்டம் போட்டு அம்புக்குறி வைத்திருந்தாள், படிப்பு இல்லை, அதனால் நல்ல வேலை இல்லை, அதனால் வருமானம் இல்லை, அதனால் பிள்ளைக்குப் படிப்பு இல்லை, சுற்றிச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முட்டியது. “இந்த வட்டத்த எந்த எடத்துல வெட்டலாம்?” என்று கேட்டாள். “புள்ளைங்கள படிக்கவைக்கணும் மிஸ்” என்று முன்வரிசைப் பெண்கள் ஒரே குரலில் சொன்னார்கள், பத்து வாரமாக அதே பதில், தப்பில்லாத பதில்தான். ஆனால் வெட்டினால் வெட்டின இடத்தில் யார் நிற்பது என்று யாரும் கேட்பதில்லையே... மாலை ஆறு மணிக்கு அவன் லயத்து வீட்டுக் காம்பராவை விட்டுக் கிளம்புவான், பன்னிரண்டு வயது தினுஷா உள்ளே தாழ்ப்பாள் போடுவாள், அவன் வெளியே நின்று அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் படி இறங்குவான், உள்ளே நான்கு வயதுச் சின்னவள் அக்காவின் தலைமயிருக்குள் கையை விட்டுக்கொண்டால்தான் தூங்குவாள், விடிந்து அவன் வந்து தட்டும் வரைக்கும் இரண்டும் தனியே. அம்மா குவைத்தில், வீட்டுவேலைக்கு. வெள்ளிக்கிழமைகளில் போனில் முகம் தெரியும், யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறையில் நின்று குசுகுசு என்று பேசுவாள் கலாராணி, “அவ அந்த ஸ்கூலுக்குப் போகலன்னா நான் இங்க கெடக்குறதுல என்னா இருக்கு, சொல்லுங்க” என்று. சொல்வதற்கு என்ன இருக்கிறது? தை மாதம் தினுஷா போய்விட்டால் சின்னவளை இரவில் யாரிடம் விடுவது? பக்கத்துக் காம்பரா பாப்பம்மா நல்லவள்தான், அவள் மகன் குடித்துவிட்டு எந்த நேரத்தில் எப்படி வருவான் என்று சொல்ல முடியாது, பெண்பிள்ளையை அங்கே விட முடியுமா? பகல் வேலை தாருங்கள் என்று சூப்பவைசரிடம் கேட்டான், பகலுக்குப் பெண்கள் இருக்கிறார்கள், ராத்திரிக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை என்றார். வேலையை விட்டுவிட்டு மறுபடி தோட்டத்து வேலைக்குப் போவதா? சின்னவளைத் தூக்கிக்கொண்டு சலவைக்கூடத்துக்குப் போவதா? மிஸ்ஸின் வட்டத்தில் இதற்கு ஓர் அம்புக்குறி இல்லை. கேட்டால் என்ன ஆகும்? ‘குடும்பச் சூழல் பொருத்தமில்லை’ என்று எழுதிவிடுவார்கள், இன்னொரு சிவப்பு வரி, அதனால் கேட்கவில்லை, பத்து வாரமும் கேட்கவில்லை, எல்லாம் சரியாக இருக்கிறது மிஸ் என்றே சொல்லி வந்தான்.

கொச்சிக்காயின் காரம் இறங்கிவிட்டது. தகரக் கூரையில் மழை பிடித்தது, பொல்லாத மழை, தாலாட்டுப் போல ஒரே சீராக... “இப்ப ஒவ்வொருத்தரா பேர் கூப்பிடுறேன், வந்து சம்மதக் கடிதத்துல கையெழுத்துப் போடுங்க. இன்னைக்குப் போடாதவங்க எடம் அடுத்த புள்ளைக்கு. திங்கக்கெழம வாறேன்னு யாரும் சொல்ல வேணாம்.” மிஸ்ஸின் குரல் தூரத்தில் கேட்டது. பெண்கள் எழுந்து போவதும் கதிரை இழுபடுவதும் கேட்டது. ஒரு நிமிடம் மூடிக்கொள்ளலாம், பெயர் வரும்போது திறந்தால் போதும், மூடினான். என்ன சுகம். “ராஜலிங்கம் யோகராஜ்.” பட்டியலில் அப்படித்தான் இருக்கும், முதலில் செத்துப்போன அப்பாவின் பெயர், பிறகு அவனுடையது. அந்தப் பெயரை இன்னொரு பள்ளிக்கூடத்தில் இன்னொருவர் கூப்பிட்டது நினைவுக்கு வந்தது, ராஜலிங்கம் வந்திருக்கிறாரா, ராஜலிங்கம்... அப்போது அவனுக்குப் பதினாறு வயது, ஓ.எல். பரீட்சை பாஸ், ஒரு வாத்தியார் அலைந்து கண்டியில் இடம் வாங்கிவைத்திருந்தார், அப்பா பத்து மணிக்கு அதிபர் முன்னால் வந்து கையெழுத்துப் போட வேண்டும், அவன் துவைத்த சட்டையோடு வாசலில் பன்னிரண்டு மணிவரை நின்றான். வீட்டுக்குப் போனால் அப்பா கம்பளிக்குள். மறு மூலையில் அம்மா, கொழுந்துக் கூடையோடு மலையில் சறுக்கி விழுந்த நாளிலிருந்து எழும்பாதவள், அவளைத் தூக்கி வெளியே கொண்டுபோவதும் கழுவிவிடுவதும் அவன்தான், அப்பாவுக்கு அது கைவரவில்லை. கம்பளியை ஒரு தடவை இழுத்தான், அப்பா அசையவில்லை. குடித்துவிட்டுக் கிடந்தார் என்று இருபது வருடமாகச் சொல்லி வருகிறான், கலியாணத்துக்கு முன்னால் கலாராணியிடம் சொன்னான், சலவைக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான். வாடை வந்ததா? அந்தக் கம்பளியில் தேயிலைத் தூள் வாடை இருந்தது, நல்லெண்ணெய் வாடை இருந்தது, வேறு? மூக்கை எவ்வளவு கசக்கினாலும் சாராய வாடை நினைவுக்கு வரவில்லை. வாடையே இல்லையா? இமைகள் நினைவுக்கு வந்தன. இறுக்கி மூடிய இமைகள். தூங்குகிறவனுக்கு இமை அவ்வளவு இறுக்கமாக இருக்காது, விழித்துக்கொண்டே மூடியிருப்பவனுக்குத்தான் இருக்கும், இப்போது அவனுக்கு இருப்பது போல.

“ராஜலிங்கம் யோகராஜ்.” இரண்டாவது தடவை. கேட்டது, தெளிவாகக் கேட்டது, தூக்கம் எங்கேயோ போய்விட்டிருந்தது, உடம்பு முழுக்க விழித்திருந்தது, இமை மட்டும் திறக்கவில்லை. திறக்க முடியவில்லையா? அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். எழும்பாமலே இருந்தால் என்ன? குடிகாரன் என்பார்கள், மிஸ் அதைத்தானே எழுதிவைத்திருப்பாள், தினுஷா இரண்டு நாள் அழுவாள், மூன்றாம் நாள் மாலை ஆறு மணிக்குத் தாழ்ப்பாள் போடும் சத்தம் வழக்கம் போலக் கேட்கும். யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. “என்ன, மறுபடியுமா?” என்று மிஸ் அலுத்துக்கொள்வது கேட்டது. “அண்ணே, அண்ணே” என்று கறுப்பையா இடித்தான். பிறகு முன்னாலிருந்து ஒரு குரல், உரக்கவும் இல்லை, கூச்சமும் இல்லை.

“அப்பா தூங்கல மிஸ். முழிச்சுத்தான் இருக்காரு.”

திறந்தான். தினுஷா பாயில் எழுந்து நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவன் எழுந்தான், நடந்தான், மிஸ் காட்டிய இடத்தில் பேனாவை வைத்து எழுதினான், “சந்தோஷமா இருங்க” என்று மிஸ் யாருக்கோ சொல்வது போல் சொன்னாள், அவனும் தலையாட்டினான். வெளியே மழை விட்டிருக்கவில்லை. மண்டபத்துக் கூரை ஓரத்தில் ஒதுங்கி நின்றார்கள், பகல் நேரத்துக்கு மட்டும் கறுப்பையாவின் மனைவியிடம் விட்டுவந்த சின்னவளைப் போய்க் கூட்டிக்கொள்ள வேண்டும், அதற்குள் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது, களைப்பா இருந்திச்சும்மா, காது அடைச்சிருந்திச்சு, ஏதாவது. அவள்தான் முதலில் பேசினாள்.

“அம்மாவ வரச்சொல்லிட்டேன்ப்பா. சின்னவளுக்கு ஆள் வேணும்ல.”

“எப்ப சொன்ன?”

“போன மாசம். நீங்க தூங்குறப்போ.”

“என்னா சொன்னிச்சி?”

“காண்ட்ரெக்ட் முடியாம வர முடியாதுன்னு அழுதிச்சி.” தினுஷா கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீரில் கையை நீட்டி வண்ணக்கட்டிக் கறையைத் தேய்த்துக் கழுவினாள். “அப்பா கையெழுத்துப் போட மாட்டாருன்னும் சொன்னேன். அதுக்குத்தான் ரொம்ப அழுதிச்சி.”

போன மாதம். போன மாதம் அவன் நான்கு சனிக்கிழமையும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி வந்தான், ஒரு தடவைகூட உட்காரவில்லை, கையெழுத்துப் போடத்தான் வந்துகொண்டிருந்தான், அதில் அவனுக்குச் சந்தேகமே இருந்ததில்லை... இருந்ததில்லையா? தினுஷா அப்படிச் சொன்னதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் போனில் கலாராணி அவன் முகத்தையே பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாளே, நெட்வேர்க் நின்றுவிட்டது என்று நினைத்து அவன் போனைத் தட்டிக்கொண்டிருந்தான்.